திரை ஆசிரியருக்கு 'ம்' கொட்டத் தெரிய வேண்டும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் அறிவியலும் கணக்கும் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கொங்குச் சாயல் கொண்ட தமிழ். கடைத்தெருவிலும் பேருந்திலும் காதில் விழுவது மலையாளம். பாடநூலில் இருப்பது இரண்டிலிருந்தும் விலகி நிற்கும் எழுத்துத் தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவே அவர்கள் வாயைவிடத் தலையாலும் கண்ணாலும் கையாலும் பேசுவதே அதிகம் என்பது பல ஆண்டுகளாக நான் கண்டுவரும் உண்மை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனம் தன்னுடைய கற்பித்தல் சாட்பாட்டை எங்கள் கணினி அறையில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டது. வெறும் எழுத்தில் பதில் தரும் சாட்பாட் அன்று அது. இடுப்புக்கு மேல் தெரியும் ஓர் ஆசிரியையின் உருவம் திரையில் நின்று, தெளிவான தமிழில் பேசி, கையை அசைத்து, புன்னகைத்துப் பாடம் நடத்தியது. இத்தகைய உருவங்களை மெய்நிகர் மனிதர்கள் என்கிறார்கள். ஒளிச்சேர்க்கையை விளக்கி முடித்துவிட்டு, எதிரில் அமர்ந்திருந்த சிறுமியிடம் அது "புரிந்ததா?" என்று கேட்டது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தினாள். உருவம் சிறிது நேரம் அசையாமல் நின்று, மறுபடியும் "புரிந்ததா?" என்றது. அவள் மறுபடியும் தலையைச் சாய்த்தாள், இம்முறை சற்று அழுத்தமாக. மூன்றாம் முறையும் அதே கேள்வி வந்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். அன்று மாலை மென்பொருள் தந்த அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே "பதில் இல்லை" என்று பதிவாகியிருந்தது.

அவள் மூன்று முறை பதில் சொல்லியிருந்தாள்.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாவரம் எப்போது சுவாசிக்கும் என்ற கேள்விக்கு ஒரு மாணவன், "ராத்திரி மட்டுந்தானுங்க" என்றான். பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பிரித்து வைத்துக்கொள்வது இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் நான் சந்திக்கும் தவறு; தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது என்பதை மனத்தில் பதிய வைப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். உருவம் "இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாமா?" என்று சரியான சொற்களைத்தான் சொன்னது. ஆனால் அதைச் சொன்னபோது அதன் முகத்தில் மாறாத புன்னகை இருந்தது. தலை மேலும் கீழுமாக ஆமோதித்து அசைந்தது. பையன் நிறைவோடு எழுந்துவிட்டான். "டீச்சர், நான் சொன்னது சரின்னு சொல்லிடுச்சுங்க" என்று என்னிடம் வந்து சொன்னான். சொல்லும் முகமும் வேறு வேறாகப் பேசியபோது அவன் முகத்தைத்தான் நம்பினான்.

இந்த இடத்தில், ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் சொல்ல வரும் செய்தியில் 7 விழுக்காடுதான் சொல். 38 விழுக்காடு குரல். 55 விழுக்காடு முகம் என்பது அந்தக் கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து இது வந்தது. அந்த ஆய்வுகள் ஒருவரது விருப்பு வெறுப்பை, தனிச் சொற்களையும் குரலையும் முகப் படங்களையும் கொண்டு மக்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்பதை மட்டுமே பார்த்தன. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் 7 விழுக்காடுதான் சொல்லில் இருக்கிறது என்று எவராவது சொன்னால் அது பிழை. ஆயினும், சொல் ஒன்றும் முகம் ஒன்றும் சொல்லும்போது 'இவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்' என்பதற்கு மனிதர் முகத்தையே நாடுகிறார்கள் என்ற அளவில் அந்த ஆய்வு சொன்னதைத்தான் என் மாணவனிடம் நான் கண்டேன். அவனுக்கு அப்போது தேவைப்பட்டது தாவரத்தைப் பற்றிய தகவல் அன்று. தன் விடையை ஆசிரியர் ஏற்றாரா என்ற செய்திதான்.

திரை உருவங்களுக்கு உடல் வந்த வரலாறு நீண்டது. 1966-இல் ஜோசப் வைசன்பாம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய எலிசா என்னும் உரையாடல் நிரல் வெறும் எழுத்தில் பேசியது. அதற்கு முகமே கிடையாது. 1990-களில்தான் கற்பிக்கும் உருவங்கள் தோன்றின. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் ரிக்கலும் லூயிஸ் ஜான்சனும் உருவாக்கிய ஸ்டீவ் என்ற உருவம், கப்பலின் இயந்திர அறையில் உள்ள உயர் அழுத்தக் காற்றுக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தது. எந்தக் குமிழைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பார்த்தது, சுட்டிக் காட்டியது, கற்பவர் சரியாகச் செய்தால் தலையசைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெஸ்டர் குழுவினர், சூழலுக்கு ஏற்ற வேரும் தண்டும் இலையும் தேர்ந்து ஒரு செடியை வடிவமைக்கும் பாடத்தில் ஹெர்மன் என்னும் பூச்சியை வழிகாட்டியாக நிறுத்தி, 100 நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். 1997-இல் வெளியான அந்த ஆய்வு, திரையில் உயிருள்ளது போன்ற ஒரு துணை இருப்பதே பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் மீது நல்லெண்ணத்தை உண்டாக்குகிறது என்று கூறியது.

அந்த முடிவை வைத்துக்கொண்டு பலரும் திரையில் ஒரு முகத்தை ஒட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதை மறுத்தன. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ரிச்சர்ட் மேயர் நெடுங்காலம் இதை ஆராய்ந்தவர். பேசுபவரின் படத்தைத் திரையின் மூலையில் வைப்பதால் மட்டும் கற்றல் பெரிதாக உயர்வதில்லை என்பது அவர் தொகுத்துச் சொன்னவற்றுள் ஒன்று. சூரிய மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்தை வைத்து அவரும் டாப்ராவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், உருவம் மனிதரைப் போலக் கையசைத்து, முகம் மாறி, கண் திருப்பிப் பேசியபோது, கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் தேர்வில் மாணவர்கள் மேம்பட்டார்கள். ஆனால் அந்தப் பயன் மனிதக் குரலோடு சேர்ந்தபோது மட்டுமே கிடைத்தது. இயந்திரக் குரலோடு சேர்ந்தபோது கிடைக்கவில்லை. உடலும் குரலும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். குரல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போனால் அந்த அசைவு கவனத்தைப் பறிக்கும் வெறும் ஆட்டமாகிவிடும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை உருவம் பேசும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை. எனக்கோ, அது கேட்கும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

கேட்பது என்ற செயலுக்குத் தமிழில் ஓர் உடல் உண்டு. என் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டவில்லையென்றால் கதை நின்றுவிடும், "தூங்கிட்டியா?" என்ற கேள்வி வரும். அந்த 'ம்' எங்கே விழ வேண்டும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வாக்கியத்தின் நடுவே குரல் தாழ்ந்து, மூச்சு வாங்கும் சிறு இடைவெளியில் அது தானாக விழும். ஒரு நொடி முந்தினால் அவசரப்படுத்துவதாகும். பிந்தினால் கவனம் வேறெங்கோ இருந்ததாகிவிடும். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் கிராட்ச் குழுவினர் 2006-இல் வெளியிட்டது ஏறக்குறைய இந்த 'ம்' கொட்டும் இயந்திரத்தைத்தான். எதிரில் பேசுபவரின் சொற்களை அது புரிந்துகொள்ளவே இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்தையும், தலையசைவையும், அமரும் நிலையையும் மட்டும் கவனித்து, ஏற்ற நொடியில் தலையசைத்தது. அவர் சாய்ந்தால் தானும் சாய்ந்தது. மறுமொழி காட்டாத உருவத்தைவிட இதனிடம் மக்கள் கூடுதலாகப் பேசினார்கள். பொருள் புரியாத ஒரு தலையசைவுக்கே இவ்வளவு வலிமை இருக்கிறது என்பது எனக்கு வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தந்தது. 'பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டாதே' என்று நாம் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். புரியாமல் தலையாட்டும் ஆசிரியரை அவர்கள் முன் நிறுத்துவது எந்த வகையில் சரியாகும்? சுவாசத்தைப் பற்றித் தவறாகச் சொன்ன பையனுக்கு நேர்ந்தது இதுவே. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கான அசைவும் 'சரி' என்பதற்கான அசைவும் அந்த உருவத்திடம் ஒன்றாகவே இருந்தன.

எங்களிடம் அவை ஒன்றல்ல. எங்கள் வகுப்பறையில் நான் எண்ணிப் பார்த்த வரையில் தலையசைவு ஐந்து வகைப்படும். விரைவாக ஒரு முறை பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தினால் 'சரிங்க'. மெதுவாக இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்'. முகவாய் இட வலமாகத் திரும்பினால் 'இல்லை'. மேலும் கீழுமான அசைவு 'ஆமாம்'. இதைப் பெரியவர்களிடம் சற்றுக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்று, கீழுதடு பிதுங்கினால் 'தெரியவில்லை'. தமிழில் 'தலையாட்டினான்' என்ற ஒரே சொல் இவற்றில் எதையும் குறிக்கலாம். கூட நிற்பவருக்கு அது எதுவென்று தெரியும். அந்த மென்பொருளோ மேல்-கீழ் அசைவை 'ஆம்' என்றும், பக்கவாட்டில் நிகழ்வது எதுவாயினும் 'இல்லை' அல்லது 'தெளிவில்லை' என்றும் எடுத்துக்கொண்டதாக அதைக் கொண்டுவந்த இளைஞர் விளக்கினார். அவர் பொறுமையாகவும் உண்மையாகவும் பேசினார். கோயம்புத்தூரில் வளர்ந்தவர் என்பதால், அதை விளக்கும்போதே தன் தலை பக்கவாட்டில் அசைவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது நேரம். ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் பேசத் தொடங்குவதற்கும் இடையிலான நேரத்தை 10 மொழிகளில் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும், பொதுவாக அது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. திரை உருவம் குரலை எழுத்தாக்கி, எழுத்துக்கு விடை தேடி, விடையைக் குரலாக்கி, குரலுக்கு உதட்டசைவு சேர்ப்பதற்குள் சில நொடிகள் ஓடிவிடுகின்றன. தாமதம் இருப்பதைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். நானும் அவர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் உடனே விடை சொல்வதில்லை. ஆனால் நான் யோசிக்கும்போது என் பார்வை சன்னலுக்குப் போகும், விரல் மேசையைத் தட்டும், "அதாவது..." என்று ஓர் இழுவை வரும். இவற்றைப் பார்த்து, டீச்சர் யோசிக்கிறார் என்று அவர்கள் காத்திருப்பார்கள். திரை உருவமோ அந்தச் சில நொடிகளும் இமைக்காமல் புன்னகைத்துக்கொண்டு பிள்ளையை நேராகப் பார்த்து நின்றது. அப்படி எந்த ஆசிரியரும் பார்ப்பதில்லை, கோபத்தில் இருக்கும்போது தவிர.

கண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மென்பொருள் மாணவரின் கண்ணையும் கண்காணித்தது. திரையைவிட்டுப் பார்வை விலகினால் 'கவனக் குறைவு' என்று குறித்துக்கொண்டது. கடினமான கேள்வியைக் கேட்டால் மனிதர் பார்வையை விலக்கிக்கொள்வதும், அப்படி விலக்குவது நினைவிலிருந்து எடுக்க உதவுவதும் 1998-இல் கிளென்பெர்க் குழுவினர் காட்டிய உண்மை. ஸ்காட்லாந்தில் டொஹெர்ட்டி-ஸ்னெடன் குழுவினர் இதைக் குழந்தைகளிடம் ஆராய்ந்து, கேள்வி கடினமாகும்போது 8 வயதுக் குழந்தைகள் பார்வையை மிகுதியாக விலக்குகிறார்கள் என்றும், 5 வயதுக் குழந்தைகளுக்குப் பார்வையை விலக்கி யோசிக்கப் பழக்கினால் அவர்கள் கூடுதலாகச் சரியான விடை சொல்கிறார்கள் என்றும் கண்டார்கள். எங்கள் பகுதியில் இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. பெரியவர் கேள்வி கேட்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை. ஆசிரியரை நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதுதான் தவறு. ஆகவே அந்த அறிக்கையில் கவனக் குறைவு என்று குறிக்கப்பட்டவர்களில், மிக நன்றாக யோசிப்பவர்களும் மிக மரியாதை தெரிந்தவர்களும் முதலிடத்தில் இருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி இப்படி எழுதப்பட்ட அறிக்கை அவளுடைய அம்மாவின் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

கைகளுக்கு வருகிறேன். சிகாகோவில் சூசன் கோல்டின்-மெடோ நெடுங்காலம் ஆராய்ந்தது, கணக்குப் போடும் குழந்தையின் கையை. இருபுறமும் சமமாக வர வேண்டிய கூட்டல் கணக்கில், குழந்தை வாயால் தவறான வழியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் கை சரியான வழியைச் சுட்டிக்கொண்டிருக்கும். வாயும் கையும் இப்படி முரண்படும் குழந்தை கற்றுக்கொள்ளும் தறுவாயில் இருக்கிறது. அந்த நேரத்தில் கற்பித்தால் பிடித்துக்கொள்ளும். 2008-இல் அவரும் சூசன் குக்கும் மிட்செலும் வெளியிட்ட ஆய்வு, கையசைத்துக் கற்ற குழந்தைகளிடம் கற்றது நீடித்து நிற்கிறது என்று காட்டியது. இதைப் படித்த பிறகு என் கணக்கு வகுப்பையே நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பிள்ளைகள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுகிறார்கள். ஒரு கையில் 12 எண்ண முடியும். விடை தவறாக வந்தாலும், கட்டைவிரல் எந்தக் கணுவில் தயங்கியது என்று பார்த்தால் எந்த இடத்தில் வழுக்கினார்கள் என்பது தெரிந்துவிடும். முகத்தை மட்டும் காட்டும்படி பொருத்தப்பட்ட கேமராவுக்கு மேசைக்குக் கீழே நடக்கும் இந்தப் பேச்சு தெரிவதே இல்லை.

உருவத்தின் கையும் எங்களுக்கு அந்நியமாகவே இருந்தது. 'வா' என்பதற்கு உள்ளங்கையை மேலே திருப்பி ஒற்றை விரலை மடக்கியது. இங்கே அது மரியாதைக் குறைவு, உள்ளங்கை கீழ்நோக்கி விரல்கள் சேர்ந்து அசைய வேண்டும். பரிசுப் படத்தை இடக்கையால் நீட்டியது. ஒரு சிறுவன் தயங்கித் தன் வலக்கையைத் திரையில் வைத்தான். இதில் சிரிக்க எதுவும் இல்லை. வீட்டில் பழகிய ஒழுக்கத்தைப் பிள்ளை விடவில்லை, அவ்வளவே. உதட்டசைவும் பொருந்தவில்லை. உதடு காட்டுவதும் காது கேட்பதும் முரண்பட்டால் கேட்கும் ஒலியே மாறித் தோன்றும் என்பதை 1976-இல் மெகர்க்கும் மெக்டொனால்டும் காட்டினார்கள். தமிழும் மலையாளமும் கலந்து கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது சிறு குறை அன்று.

முகத்துக்குத் திரும்புகிறேன். கேரளத்தில் 2024-25 கல்வியாண்டில் ஏழாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு சேர்க்கப்பட்டது. முகபாவங்களைக் கண்டறியும் ஒரு நிரலை மாணவர்களே உருவாக்குவது அதில் ஒரு செயல்பாடு. முகத்தில் ஏழு உணர்ச்சிகள் வரை அது கண்டறியும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது, எனக்கும்தான். இத்தகைய நிரல்களின் வேர் உளவியலாளர் பால் எக்மன் வகுத்த பட்டியலில் இருக்கிறது: மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு. பெரும்பாலும் உணர்ச்சி காட்டாத முகத்தையும் சேர்த்து ஏழாக்குவார்கள். நம்மிடம் இதற்கு மிகப் பழைய பட்டியல் ஒன்று உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்வுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகச் சொல்கிறது. அதோடு நில்லாமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து பிறக்கும். பக்கத்தில் இருப்பவன் தவறு செய்ததைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையையும், கேள்வி புரியாமல் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும் பிள்ளையையும் எங்கள் நிரல் ஒரே பெட்டியில், 'மகிழ்ச்சி' என்று போட்டது. வகுப்பறையில் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

பெருமிதம் எக்மனின் ஆறில் இல்லை. தொல்காப்பியம் பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகச் சொல்வது கல்வியை. பிறகே தறுகண், இசைமை, கொடை. நாற்பது நிமிடம் முட்டி மோதிய கணக்குக்கு விடை கண்ட பிள்ளையின் முகத்தில் வருவது மகிழ்ச்சி என்று சொன்னால் போதாது. முதுகு நிமிரும், சிரிப்பை அடக்கிக்கொள்வதால் உதடு இறுகும், கை நோட்டை மூடி வைக்கும். எங்கள் நிரல் அந்த முகத்தைச் 'சினம்' என்றது. கல்விக்காகவே ஒரு திரை உருவத்தைச் செய்கிறவர்கள், கல்வியிலிருந்து பிறக்கும் என்று நம் இலக்கணமே பெயர் சொல்லிக் குறித்த மெய்ப்பாட்டைக் காணத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது.

வட்டார உடலை எதிர்பார்ப்பது அதிகம் கேட்பதாகாது. ஜஸ்டின் காசெலும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்கக் குழந்தைகளின் வீட்டு வழக்கில் தொடர்ந்து பேசிய திரைத் தோழனோடு அறிவியல் படித்தபோது, அக்குழந்தைகளின் அறிவியல் பேச்சு மிகவும் மேம்பட்டது. பேச்சு வழக்குக்கு இது பொருந்துமானால் தலையசைவுக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். வீட்டில் பேசும் தமிழை மட்டும் உருவத்தின் வாயில் வைத்துவிட்டு உடலை வேறு நாட்டிலிருந்து எடுத்து ஒட்டினால் அது பாதி வேலைதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது: குறைவாக அசைவது. எங்கள் மாவட்டத்தில் பகவதி கோயில்களின் கூத்து மாடங்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும். மலையாள நாட்டின் நடுவே, கம்பனின் தமிழ்ப் பாடல்களைப் புலவர்கள் பாடிப் பொருள் சொல்வார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். நான் பார்த்த இரவில் பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசைந்தது; முகம் மாறவே இல்லை. பேசும் பாவையின் கை அசைந்தது, கேட்கும் பாவை அசையாமல் நின்றது. எவர் பேசுகிறார் என்பதில் எனக்கு ஒரு முறைகூடக் குழப்பம் வரவில்லை. பொருளில்லாத அசைவு அங்கே ஒன்றுகூட இல்லை. அந்த ஒற்றைக் கையின் ஒழுங்கு எங்கள் கணினித் திரையில் நின்ற உருவத்திடம் இருந்திருந்தால், எந்நேரமும் புன்னகைத்துத் தலையாட்டியதால் விளைந்த குழப்பத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

நிறுவனத்தாருக்கு நான் எழுதி அனுப்பிய கடிதத்தில் நான்கு வேண்டுகோள்கள் வைத்தேன். கவனத்தைக் கண் பார்வையால் அளந்து அறிக்கையிடுவதை உடனே நிறுத்த வேண்டும். விடை தவறாக இருக்கும்போது உருவத்தின் தலை அசையாமல் இருக்க வேண்டும். யோசிக்கும் நேரத்தில் பார்வையைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுச் சாய்வை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐயம் வந்தால் "சரிங்களா, இல்லை இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்று வாயால் கேட்க வேண்டும். முதல் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவற்றுக்கு நேரம் கேட்டிருக்கிறார்கள். அதுவரை எங்கள் அறையில் உருவத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் பயன்படுத்துகிறோம். வடிவியல் பாடத்தில் மட்டும் அதைத் திறக்கிறேன், கோணத்தையும் பக்கத்தையும் அது விரலால் தொட்டுக் காட்டுவது உண்மையிலேயே உதவுகிறது.

இதற்கிடையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். படங்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்கும் ஒரு மென்பொருளில் 'சரிங்க', 'கேட்டுட்டிருக்கேன்', 'இல்லை', 'தெரியலை' என்று நான்கு பெட்டிகள் வைத்து, தங்கள் தலைகளையே படமெடுத்துக் கொடுத்தார்கள். படங்கள் பள்ளிக் கணினியைவிட்டு வெளியே போகக் கூடாது, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. உதட்டைப் பிதுக்கும் 'தெரியலை'யைக் கணினி எளிதில் கண்டுகொண்டது. 'சரிங்க'வும் 'கேட்டுட்டிருக்கேன்' என்பதும் மட்டும் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருந்தன. இன்னும் நிறையப் படங்கள் வேண்டும் என்று ஒருவன் சொன்னான். அன்று கண் கலங்கிய அந்தச் சிறுமி, இரண்டு படங்களையும் அருகருகே திரையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே படந்தானுங்க டீச்சர், எவ்வளவு வேகமா சாயுதுங்கறது படத்துல எங்க இருக்கு?" என்று கேட்டாள். வரும் திங்கட்கிழமை முதல் படங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலையசைவையும் மூன்று நொடிக் காணொளியாக எடுக்கப் போகிறோம்.